ஏரிக்கரையில் வலசைப் பறவை பார்க்க முழுமையான வழிகாட்டி: ஆவணி முதல் கார்த்திகை வரை

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மார்கழி, தை மாதங்களில்தான் ஏரிக்கு வருகிறார்கள். ஏரி அப்போது நிரம்பிக் கிடக்கும். நாமக்கோழிகளும் வாத்துகளும் நடுத்தண்ணீரில் மிதக்கும். கரையோரம் சேறு இருக்காது, சேற்றில் மேயும் சின்னப் பறவைகளும் இருக்காது. "வெளிநாட்டுப் பறவை எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அவர்கள் தேடி வந்த கூட்டம் மூன்று மாதம் முன்பே அதே கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ பேரோடு செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளில் நடந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: பறவையைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். அதனால் பெயரைவிட அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாள் குறிப்பதற்கு முன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்

நம் ஏரிகளில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையில் நிரம்புபவை. அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி அந்த மழை தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் சேறு விரிந்திருக்கும். அந்தச் சேற்றில் புழுவும் பூச்சியின் இளம் பருவங்களும் மண்டிக் கிடக்கும். சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான்களுக்கு, அதாவது சேற்றில் மேயும் அந்த ஒல்லிப் பறவைகளுக்கு, அதுதான் சாப்பாடு.

வரும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் சாதாரண உள்ளானும் பொரி உள்ளானும் வந்துவிடும். புரட்டாசியில் வாலாட்டிகள், தகைவிலான்கள், பழுப்புக் கீச்சான், வாத்துகளில் முதலாவதாக நீலச்சிறகி. ஐப்பசியில் சேற்றுப் பூனைப்பருந்து, மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பான். ஐப்பசிக் கடைசியிலிருந்து ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் சேரும்.

மழை வலுத்து ஏரி நிரம்பினால் ஒரே வாரத்தில் உள்ளான்கள் காணாமல் போகும். ஆகவே உள்ளான் பார்க்க ஆவணி, புரட்டாசி. வாத்து பார்க்க ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும். கோவைப் பக்கத்துக் குளங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நொய்யலில் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் வந்தால் அவை முன்னதாகவே நிரம்பிவிடும். எந்த ஊரானாலும் முதல் நாள் மாலை ஒரு நடை போய்ச் சேறு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

2. எந்த ஏரி, எந்தப் பக்கம்

பேர்பெற்ற சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வேடந்தாங்கல் கூடு கட்டும் பறவைகளுக்கான இடம். அங்கே மரம் நிறைய இருக்கும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்று சுற்றுலா வந்தவர்கள் சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டாம். உள்ளானும் வாத்தும் பார்க்க அதன் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி பொருத்தமானது. சென்னைக்காரர்களுக்குப் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம். இவை எல்லாவற்றையும்விட, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய, சேறு தெரியும் ஏரிதான் சிறந்தது. அடுத்தடுத்த வாரங்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

ஏரியின் வடிவம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழமானது. அதற்கு எதிரே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் ஆழமில்லாதது. உள்ளான்கள் மேய்வது அங்கேதான். புதியவர்கள் நடக்க வசதியாகக் கரைமேலேயே நடந்துவிட்டு, இரண்டு சாதாரண உள்ளானை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நம் பக்கத்து நிலம் பொதுவாகக் கிழக்கே சரிவதால் பல ஏரிகளின் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவை மேல் நல்ல வெளிச்சம். மாலையில் உள்வாய்ப் பக்கம் போய்விட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மஞ்சள் காலும் கறுப்பாகத் தெரியும், பழுப்பு முதுகும் கறுப்பாகத் தெரியும். தவறான அடையாளங்களில் பாதி இப்படி வருபவைதான்.

3. கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் ஒன்று, கட்டாயம். 8 × 42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் பெரிதாகக் காட்டுமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பழகாத கைக்கு 8 தான் சரி. உங்கள் ஏரி மிகப் பெரிதாக இருந்து பறவைகள் வெகு தூரத்தில் இருந்தால், முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி வைத்திருப்பவரோடு சேர்ந்து போங்கள். முதல் ஆண்டிலேயே அதற்குப் பணம் போட வேண்டாம்.

மற்றவை: சின்ன நோட்டு, பென்சில் (பேனா மை நனைந்தால் கரையும்), தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் சட்டை, கணுக்காலை மூடும் செருப்பு அல்லது ஷூ. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். புல்லுக்குள் கண்ணாடி விரியன் இருக்கும் பகுதிகள் இவை. பார்க்காமல் கால் வைக்கக் கூடாது.

4. பைனாகுலரை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் ஏரிக்கு வந்து, "எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம்.

முதலில் இரண்டு குழல்களையும் அகட்டியும் குறுக்கியும், இரு வட்டங்கள் ஒரே வட்டமாகும் வரை கொண்டுவாருங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இடது கண்ணை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பாருங்கள். இப்போது நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். உங்கள் இரு கண்ணின் பார்வை வேறுபாட்டுக்கு அது ஈடுகட்டும். அதன்பின் அந்த வளையத்தை மறந்துவிடலாம். ஏரியில் நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோகும். மொட்டைமாடியில் காகத்தை வைத்து இரண்டு நாள் பழகுங்கள்.

5. வருகிறவர்களுக்கு முன் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்டு முழுக்க ஏரியில் இருக்கும் பறவைகள் பத்து தெரியாமல் வலசைப் பறவையைத் தேடுவது வீண். முக்குளிப்பான், தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, இலைக்கோழி, மடையான், ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து, வெண்புருவ வாலாட்டி. ஆடி மாதத்திலேயே இவற்றைப் பழகிவிட்டால், ஆவணியில் புதிதாக வந்த முகம் தானாகவே கண்ணில் படும்.

இவைதான் உங்கள் அளவுகோலும்கூட. தனியாக நிற்கும் பறவையின் அளவைத் தூரத்திலிருந்து சொல்லவே முடியாது. "ஆள்காட்டியில் பாதிதான் இருக்கும்", "நெடுங்கால் உள்ளானைவிடக் குட்டை" என்று பக்கத்தில் நிற்பதோடு ஒப்பிட்டால் அளவு பிசகாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோடையில் நம் ஏரிகளிலேயே பிறந்த இளம்பறவைகளும் இந்த மாதங்களில் சுற்றித் திரியும். நெடுங்கால் உள்ளானின் இளசுக்கு முதுகு பழுப்பு, கால் சிவப்பும் மங்கல். அதை ஏதோ அரிய பறவை என்று நினைத்துப் படமெடுத்து அனுப்பாத புதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. காலின் நீளத்தைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

6. போய்ச் சேர்ந்ததும் முதல் பத்து நிமிடம்

விடியும்போது அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் சேற்றுக்கு மேல் கானல் ஆடும். எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியானாலும் தூரத்துப் பறவை நீரில் கரைந்த மாதிரிதான் தெரியும். மாலையில் நான்கரை மணிக்கு மேல் மறுபடி பார்க்கலாம்.

போனதும் நடக்காதீர்கள். ஒரு மரத்தடியிலோ கரைச் சரிவிலோ உட்காருங்கள். உங்கள் உருவம் வானத்துக்கு எதிரே எழுந்து நிற்கக் கூடாது. பைனாகுலரை எடுக்காமல் வெறும் கண்ணால் ஏரி முழுவதையும் பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே அசைவு, யார் உங்களுக்குக் கிட்டே என்று தெரிந்துவிடும்.

குறிப்பாக ஆள்காட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவையுங்கள். அதன் பெயரே வேலையைச் சொல்கிறது. நீங்கள் கிட்டே போனால் அது கத்திக்கொண்டு எழும். அது எழுந்தால் சேற்றில் இருக்கும் அத்தனை உள்ளானும் எழும். அது நிற்கும் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவதுதான் அறிவு.

பிறகு பைனாகுலரில் இடமிருந்து வலமாக, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு, மெதுவாக நகருங்கள். கண்ணில் பட்ட முதல் அழகான பறவையிலேயே நின்றுவிட்டால், அதற்குப் பக்கத்தில் சேற்றின் நிறத்தில் நிற்கும் இருபது தப்பிவிடும்.

7. உள்ளான்களைப் பிரிப்பது

எல்லோரும் திணறுவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எல்லாம் பழுப்பு, எல்லாம் ஒல்லி, எல்லாம் சேற்றைக் கொத்துகின்றன. நிறத்தில் தொடங்கினால் தலை சுற்றும். இந்த வரிசையில் கேளுங்கள்: எங்கே நிற்கிறது? எப்படி மேய்கிறது? அலகு எவ்வளவு நீளம்? கால் என்ன நிறம்? நிறமும் புள்ளியும் கடைசியில்.

எங்கே நிற்கிறது என்பது ஏன் முதலில்? காலின் நீளமும் அலகின் நீளமும் அது எந்த ஆழத்தில் மேய முடியும் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன. கரையோரத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பாருங்கள்.

வெடித்த காய்ந்த சேறும் குட்டைப் புல்லும்: உப்புக்கொத்திகள், பொன் உப்புக்கொத்தி, மஞ்சள் வாலாட்டி. உப்புக்கொத்தியின் அலகு குட்டை, கண் பெரியது. ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். உள்ளான்கள் அப்படி நின்று நின்று ஓடுவதில்லை, நடந்துகொண்டே கொத்தும். இந்த நடை ஒன்றை வைத்தே இரண்டு குடும்பத்தையும் பிரித்துவிடலாம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. மார்புப் பட்டை நடுவில் அறுந்து, கால் கறுப்பாக இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி.

பளபளக்கும் ஈரச் சேறு: கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான். கறுப்புக் கால், தையல் இயந்திரம் மாதிரி ஓயாமல் கொத்தும். அதே அளவில் கால் மட்டும் மஞ்சளோடிய பச்சையாக, மெதுவாக ஊர்வதுபோல் மேய்ந்தால் டெம்மிங்க் உள்ளான். ஒன்று கவனியுங்கள்: சேறு பூசிய மஞ்சள் காலும் கறுப்பாகத் தெரியும். அது தண்ணீரில் காலை நனைக்கும் வரை பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள்.

கணுக்கால் தண்ணீர்: பொரி உள்ளான். முதுகெல்லாம் பொரி தூவியது போல் வெளிர்ப்புள்ளி, கண்ணுக்குப் பின்னும் நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சளான கால். நம் ஏரிகளில் மிக அதிகமாக இருக்கும் உள்ளான் இதுதான். முதலில் இதை நன்றாகப் பழகுங்கள், மற்றவற்றை இதோடு ஒப்பிடலாம். ஏறக்குறைய இதே அளவில் முதுகு நன்றாகக் கருத்து, தனியாக வாய்க்காலிலோ மதகடியிலோ திரிவது பச்சை உள்ளான். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கருமையாக, இடுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அதுவேதான். பொரி உள்ளானின் சிறகடி வெளிறியிருக்கும்.

முழங்கால் ஆழம்: பச்சைக்காலி, சதுப்பு உள்ளான், கருவால் மூக்கன். முதல் இரண்டும் சாம்பலும் வெள்ளையுமாக ஒரே மாதிரி இருக்கும். சதுப்பு உள்ளானின் அலகு ஊசி போல மெலிந்து நேராக இருக்கும், பச்சைக்காலியின் அலகு தடித்து நுனி சற்றே மேலே வளைந்திருக்கும். பச்சைக்காலி பறந்தால் "ட்யூ, ட்யூ, ட்யூ" என்று மூன்று முறை உரக்கக் கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் அடுத்த முறை பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். கருவால் மூக்கன் இவற்றைவிடப் பெரியது. வயிறு நனையும் அளவு தண்ணீரில் இறங்கி, நீண்ட அலகைத் தலை முழுகும்வரை செருகும்.

கரைக்கல், மதகுச் சுவர்: சாதாரண உள்ளான். உடம்பின் பின்பாதி ஆடிக்கொண்டே இருக்கும். மார்பின் வெள்ளை, தோளுக்கு முன்னால் ஆப்பு மாதிரி மேலேறும். தண்ணீரை ஒட்டி, விறைத்த சிறகை விட்டுவிட்டு அடித்துப் பறக்கும். புதியவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்து வாலாட்டி என்று எழுதிவிடுகிறார்கள். வாலாட்டியின் வால் நீளம், உள்ளானுக்கு வால் குட்டை.

சிறகைப் பற்றியும் ஒரு சொல். ஆவணியில் வருபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலச் சிவப்பும் கறுப்பும் அங்கங்கே தேய்ந்து திட்டுத்திட்டாக இருக்கும். அந்த ஆண்டில் பிறந்தவை பின்னால் வரும், பெரும்பாலும் பெற்றோர் துணையில்லாமல். அவற்றின் சிறகு புதியது, விளிம்பெல்லாம் வெளிறி மீன்செதில் அடுக்கியதுபோல் ஒழுங்காக இருக்கும். பிறந்து சில மாதமே ஆன குஞ்சு, முன்பின் போகாத வழியில் நம் ஊர்ச் சேற்றுக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று தெரிந்து அதைப் பார்ப்பது தனி அனுபவம். எத்தனை ஆண்டானாலும் எனக்கு அது பழகவில்லை.

8. வாத்துகளில் வரும் குழப்பம்

படத்தில் பார்த்த வண்ண ஆண் வாத்தைத் தேடாதீர்கள். இந்தப் பருவத்தில் வரும் ஆண்கள் பலவும் பெட்டை போலவே பழுப்பாக இருக்கும். இனப்பெருக்கம் முடிந்து சிறகு மாற்றும் காலம் அது. வண்ணம் திரும்ப மார்கழி ஆகலாம்.

ஆகவே வடிவத்தைப் பாருங்கள். கழுத்து நீண்டு மெலிந்து, வால் கூர்ந்திருந்தால் ஊசிவால் வாத்து. அலகு அகப்பை மாதிரி அகன்று, தலையைத் தண்ணீரிலேயே வைத்துத் துழாவிக்கொண்டு போனால் தட்டைவாயன். சிறிய உடம்பு, முகத்தில் வெளிர்க் கோடும் கருங்கோடும் மாறி மாறி ஓடினால் நீலச்சிறகி.

9. தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள்

கரையோரக் கருவேல மரத்தின் உச்சிக் கிளையில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கும். நாணலுக்குள் "டக், டக்" என்று நாக்கைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் விடாமல் வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். பார்ப்பது கடினம், குரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். மின்கம்பி முழுக்கத் தகைவிலான்கள்.

நீங்கள் அசையாமல் இருக்கும்போது எல்லாப் பறவையும் ஒன்றாக எழுந்தால் உடனே மேலே பாருங்கள். பூனைப்பருந்தோ வல்லூறோ வந்திருக்கும்.

10. எண்ணுவதும் எழுதுவதும்

"நிறைய இருந்தது" என்று எழுதினால் அடுத்த ஆண்டு அதனால் பயன் இல்லை. பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போங்கள். கலந்த கூட்டமானால் முதலில் மொத்தம், அப்புறம் ஒரு பகுதியில் எது எத்தனை என்று பார்த்துப் பங்கு பிரியுங்கள். பறந்து எழுவதற்கு முன்னால் எண்ணிவிட வேண்டும்.

ஏரியிலேயே நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் புத்தகத்துப் படம் வந்து கலந்துவிடும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், தண்ணீர் மட்டம், பறவை, எண்ணிக்கை. பிறகு, பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றலாம். அங்கே, அடையாளம் தெரிந்த பறவை எல்லாவற்றையும் பதிகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். "ஆம்" என்று சொல்லும்படி காகத்தையும் மைனாவையும் சேர்த்தே எழுதுங்கள். எது இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். அடையாளம் தெரியாததை "ஏதோ ஓர் உள்ளான்" என்று பதிய அங்கே இடமுண்டு. ஊகித்துப் பெயர் போடுவதைவிட அதுவே நேர்மை.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அன்று பலரும் கூட்டாகப் போவார்கள், கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு. இந்தப் பருவத்தில் எண்ணிப் பழகினால், 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தைரியமாகச் சேரலாம்.

11. எவ்வளவு கிட்டே போகலாம்

பறவை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நில்லுங்கள். இரண்டடி பின்வாங்குங்கள். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, உடம்புக் கொழுப்பைச் செலவழித்து வந்திருக்கிறது. அவற்றில் சில இங்கே தின்று தேறி, கோடியக்கரைக்கோ இலங்கைக்கோ இன்னும் போக வேண்டியவை. ஒரு நல்ல படத்துக்காக நான்கு முறை எழுப்பிவிடுவது அதன் சாப்பாட்டைப் பிடுங்குவதுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கூட வந்தவர் துரத்திப் படமெடுத்தால் அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

செல்பேசியில் குரல் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். வலையோ கண்ணியோ விரித்திருப்பதைப் பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். சேற்றில் இறங்கவே வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் இடுப்பளவு இழுக்கும் இடங்கள் உண்டு, மண் அள்ளிய பள்ளங்களும் உண்டு.

12. மழைக்குப் பிறகு

வாரம் ஒரு முறை, அதே ஏரி, அதே நேரம், அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எட்டு வாரம் முடிவதற்குள் எது எப்போது வந்தது, எது கடந்து போனது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி உள்ளான்கள் மறைந்த வாரம், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து ஏமாற வேண்டாம். ஏரிக்குக் கீழே உள்ள வயல்களுக்குப் போங்கள். நடவுக்கு உழுது பரம்படித்த வயலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். பொரி உள்ளான்கள் அங்கே வந்திருக்கும். வரப்பில் இறங்குவதற்கு முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வயலில் காலையில் கூட்டம் இறங்கியது என்று அவரே கைகாட்டிவிடுவார்.